இளைத்ததற்கான காரணம்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்த நோயும் இல்லை.

ஜாம்பியாவில், கிட்வேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போடும் பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பீர்கள். நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பேன். இந்த முறை யாரும் கேட்காமலே எழுதுகிறேன். போன மாதம் உங்களில் ஒரு தம்பதி விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள், அண்ணாமலையாரைக் கும்பிட்ட கையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன். அந்த அம்மாள்தான் எனக்கு முதன்முதலில் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தவர். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். பிடித்தவர் உடனே விட்டுவிட்டார்.

"தைரியமா இருங்க" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கணும்" என்று தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

ஒரு மூட்டை சோளமாவு கொண்டுவந்திருந்தார், எங்கள் ஊர் மாவு. கடைசி ஆசையாக ஒரு வாய் சாப்பிடட்டும் என்று கொண்டுவந்த மாதிரி அதைத் தரையில் வைத்தார். அவருடைய கணவர் என் கணவரைத் தெருமுனைக்கு அழைத்துப்போய், "டாக்டர் எவ்ளோ நாள் சொல்லியிருக்காரு?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, "எதுக்கு நாள்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அவர்கள் போன பிறகு என் நாத்தனார் டம்ளர்களை எடுக்க வந்தார். இரண்டு காப்பியும் ஆடை படிந்து அப்படியே இருந்தன.

"ஏன், சக்கர கம்மியா?" என்றார்.

சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. என் வீட்டு டம்ளரில் வாய் வைக்க அவர்களுக்குப் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு பெண் உடம்பைக் குறைத்ததற்கு இத்தனை விளக்கம் கொடுக்கவேண்டியிருக்கிறதே என்று எனக்கே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் மாலதி திருத்தியிருக்கிறாள்.

2

புதிதாகக் கிட்வே வந்திருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் சண்டா. பெம்பா இனத்துப் பெண். அங்கே பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். அதே பள்ளிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒப்பந்தத்தில் வந்தவர் தணிகாசலம். கல்யாணம் செய்துகொண்டோம், மாலதி பிறந்தாள். எழுபத்தாறில் மாமனார் படுத்த படுக்கையானபோது மூன்று பேரும் திருவண்ணாமலைக்கு வந்தோம். ஆறு மாதம் என்று சொல்லி வந்தவர்கள்தான். இவருக்கு உள்ளூர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது, மாலதிக்கு நாலு வயதானது, அப்புறம் யாரும் ஆறு மாதத்தைப் பற்றிப் பேசவில்லை.

சண்டா என்றால் இந்த ஊர்க் காதில் சண்டை என்று விழுகிறது. அதனால் வந்த வாரமே என்னைச் சந்திரா ஆக்கிவிட்டார்கள். இவர் மட்டும்தான் இன்னும் சரியான பெயரில் கூப்பிடுகிறார்.

பெயரை மாற்றியவர் இவருடைய அக்கா சரோஜா. அவர் கணவருக்குத் தேரடிப் பக்கம் ஜவுளிக் கடை. வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை எல்லாப் பெயரிலும் கூப்பிடுவார்.

வந்த இரண்டாம் நாள் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். அண்ணி ஓடிவந்து குடத்தைப் பிடுங்கினார்.

"வாத்தியார் பொண்டாட்டி தெருவுல நின்னுக்கினு தண்ணி புடிக்கிறதா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

மார்க்கெட்டுக்கு நடக்கக் கூடாது, ரிக்‌ஷா இருக்கிறது. மாவாட்டக் கூடாது, அதற்கு ஆள் வருகிறாள். மாடியில் கயிறு தாண்டக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். உட்கார். சாப்பிடு. காலையில் இட்லி, மதியம் ஒரு குன்று சோறு, நாலு மணிக்கு ஏதாவது பலகாரம், ராத்திரிக்கு மறுபடி சோறு. கிட்வேயில் பள்ளிக்கு நடந்து போய், மாலை முழுக்கச் செம்மண் மைதானத்தில் பெண்களோடு பந்து விளையாடி, வீட்டுக்கு நடந்து வந்தவள் நான். அங்கேயும் நான் ஒல்லி இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அகன்ற எலும்பு. ஆனால் ஓடச் சொன்னால் ஓடுவேன். இங்கே எட்டு வருடம் உட்கார்ந்ததில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுவது ஒன்று உண்டு. என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "ஆப்பிரிக்காக்காரங்க ஒடம்பே அப்படித்தான்" என்பார்கள். பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில், என் காதுபடவே. அய்யா, இந்த உடம்பு ஆப்பிரிக்காவில் விளைந்தது இல்லை. இது இந்த ஊர் விளைச்சல். உங்கள் பொன்னி அரிசியும் உங்கள் மரியாதையும் சேர்ந்து விளைவித்தது.

3

எண்பத்து நாலில் அடிக்கடி பின்மண்டை வலித்தது. ஊரில் ஜைனப் என்று ஒரு லேடி டாக்டர். அவர் என் கையில் பட்டையைக் கட்டி அழுத்திப் பார்த்தார். மறுபடி கட்டிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு ப்ரெஷர் உண்டா?"

"உண்டு. பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சு."

பெரியம்மா வாய் கோணி, பேச்சில்லாமல் கிடந்த வருடங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அப்போது அவருக்கு என் வயதுதான். டாக்டர் மாத்திரை எழுதினார். உடம்பைக் குறைக்கச் சொன்னார். சுவரில் உயரத்துக்கு இத்தனை எடை என்று ஓர் அட்டை தொங்கியது. அதன்படி நான் எத்தனை இருக்கவேண்டும் என்று கேட்டேன்.

"அந்த அட்டைய உடுங்க. அது எந்த ஊர் ஆளுங்கள நிக்க வெச்சு அளந்ததோ! நீங்க ஒல்லியாவணும்னு நான் சொல்லல. ப்ரெஷர் எறங்கணும், இடுப்புச் சுத்து கொறையணும், மாடி ஏறுனா மூச்சு வாங்கக் கூடாது. அவ்ளோதான். கொழுப்பைக் கம்மி பண்ணுங்க."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"அண்ணி, எனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாம். டாக்டர் சொன்னாங்க."

"இதுக்கு டாக்டர் வேற சொல்லணுமா?" என்றார் அண்ணி.

வீடே சிரித்தது. அந்தச் சொல்லுக்குத் திமிர் என்றும் பொருள் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே வாரம் இன்னொரு கூத்து. பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் விளக்கு மின்னி அட்டை தரும் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. சில்லறை மாற்ற வேண்டி பக்கத்துக் கடைக்காரரிடம், "என் இடையைப் பார்க்கணும்" என்றேன். அவர் கையிலிருந்த சில்லறையைக் கீழே போட்டுவிட்டார். எடைக்கும் இடைக்கும் நடுவில் ஓர் எழுத்துதான். அந்த எழுத்துக்காக மாலதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைக்காரரின் மகள் அவள் வகுப்பாம்.

நான் மெஷினில் ஏறியபோது ஒரு பஸ் கூட்டமே இறங்கி வேடிக்கை பார்த்தது. வந்த அட்டையின் ஒரு பக்கம் என் எடை. மறு பக்கம், 'பிறர் மனத்தை எளிதில் கவர்வீர்கள்.'

அப்புறம் யோசனைகள் வந்து குவிந்தன. ஒருத்தி கொள்ளுத் தண்ணீர் குடி என்றாள், ஒருத்தி தேனும் எலுமிச்சம்பழமும் என்றாள். இன்னொருத்தி மெட்ராஸில் இடுப்பை ஆட்டும் பெல்ட் இருக்கிறது என்றாள். அண்ணி விரதம் இருக்கச் சொன்னார். இருந்தேன். விரத நாளில் சோறு கிடையாது. அதற்குப் பதில் உப்புமா, அப்பம், வாழைப்பழம், பாயசம். நாலு விரதத்தில் இன்னும் கொஞ்சம் ஏறியதுதான் மிச்சம்.

4

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நடக்கவேண்டும், ஓடவேண்டும். பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்கியிருந்தேன்.

விடிகிற நேரத்தில் மலை சுற்றும் பாதையில் நடக்க ஆரம்பித்தேன். பௌர்ணமி தவிர மற்ற நாளில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். புளியமரங்களும் மாட்டு வண்டிகளும்தான். முதல் மாதம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். அப்புறம் அடி அண்ணாமலை வரை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேன்வாஸ் ஷூ போட்டு நடந்தேன். அடி அண்ணாமலை டீக்கடைக்காரர் முதல் நாளே வழிமறித்தார்.

"மலைய சுத்துற வழில செருப்பு போடக் கூடாதும்மா."

"இது செருப்பு இல்லிங்க, ஷூ."

"அதுவும் தோல்தானம்மா?"

"துணிங்க."

குனிந்து தொட்டே பார்த்தார். துணிதான். ஆனாலும் மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். கடைசியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கடையைத் தாண்டுவேன், தாண்டியதும் போட்டுக்கொள்வேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்படியே மூன்று வருடமாக நடக்கிறது.

வீட்டில்தான் கஷ்டம். நான் ஓடத் தொடங்கியதும் அண்ணி மூன்று நாள் கதவுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து தம்பியிடம் கத்தினார். "ஊரே சிரிக்குதுடா! யாரோ தொரத்துற மாதிரி ஓடுறா! நீ இன்னாடா ஆம்பள, கேக்க மாட்டியா?"

இவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து, "சண்டா, கொஞ்சம் மெதுவா ஓடு" என்றார்.

மாலதி சொன்னதுதான் மனதில் தைத்தது. "எங்க ஸ்கூல் பக்கம் மட்டும் ஓடாதம்மா. ஏற்கெனவே எல்லாரும் ஒன்னப் பத்தித்தான் கேக்குறாங்க." அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் தலைமுடிதான் அவளுக்கும். அதை எண்ணெய் ஊற்றி இழுத்து, இறுக்கி, இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொள்வாள். குழந்தையாக என் மொழியில் பாடிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டால், "அத யார்கூடப் பேசறது?" என்கிறாள். நியாயமான கேள்வி. என்னோடு பேசலாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டிலும் சண்டைதான். கேழ்வரகுக் களி வேண்டும் என்றேன். சூடான களி உருண்டையைக் கையால் பிய்த்துக் கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கும்போது எனக்கு எங்கள் வீட்டுச் சோளக்களி சாப்பிடுவது போலவே இருக்கும். வயிறு நிறையும், நாலு மணிக்குப் பசிக்காது. அண்ணிக்கு அவமானம். "கூலிக்காரங்க துன்றத எங்க வூட்டு மருமவ துன்னணுமா? கீழ்பென்னாத்தூர்ல நெலம் வெச்சிருந்த குடும்பம்டி இது!" அந்த நிலத்தில் விளைந்தது பாதி மல்லாட்டை, பாதி கேழ்வரகு என்று இவரே சொல்லியிருக்கிறார். வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். வறுத்துச் சர்க்கரைப் பாகில் போட்டதை நிறுத்திவிட்டு அவித்ததில் ஒரு பிடி மட்டும் வைத்துக்கொண்டேன். சோறு ஒரு வேளைதான். கத்தினார்கள், கத்தட்டும் என்று விட்டேன். பெரியம்மாவின் கோணிய வாயை நினைத்துக்கொண்டால் எந்தப் பாயசமும் உள்ளே இறங்காது.

5

இரண்டு வருடத்தில் உடம்பு இறங்கியது. ஜைனப் டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். முழு மலையையும் சுற்றிவந்து, வீட்டு மாடிக்கு ஒரே மூச்சில் ஏறினேன். இதற்காக ஊர் என்னைப் பாராட்டும் என்று எதிர்பார்த்தேனே, அதைச் சொல்லவேண்டும்.

"அய்யய்யோ, இன்னாம்மா இப்படி எளச்சிட்ட? வூட்ல சோறு போடலியா?"

குண்டாக இருந்தபோது என் காதுபடப் பேசியவர்கள் எல்லாரும் இப்போது என் கையைப் பிடித்து அழுதார்கள். பூக்காரி, ரிக்‌ஷாக்காரர், ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத பெண், எல்லாருக்கும் ஒரே துக்கம். அந்தத் துக்கம் நேராகப் போய் விழுந்தது அண்ணி தலையில். ஆப்பிரிக்காவிலிருந்து நம்பி வந்தவளைப் பட்டினி போடுகிறாள் என்று ஜவுளிக் கடைக்கு வந்தவர்களே அவர் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அண்ணி நடுக்கதவு வழியாக வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

"நானாடி ஒன்னப் பட்டினி போட்டேன்? துன்னு துன்னுன்னு நான் கத்துனது ஊருக்குக் கேக்கலியா?"

கேட்டிருக்கும். நடுத்தெரு வரை கேட்கும் குரல் அது. ஆனால் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை.

அரசாங்கமும் சும்மா விடவில்லை. நான் இன்னும் ஜாம்பியா பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை அனுமதியைப் புதுப்பிக்க வேலூருக்குப் போய் ஓர் அலுவலகத்தில் நிற்கவேண்டும். அங்கிருந்த குமாஸ்தா பழைய போட்டோவைப் பார்த்தார், புதிய போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப இது?"

"அதுவும் நான்தாங்க."

"அக்கா தங்கச்சி யாராவது வந்திருக்காங்களா?"

என் கணவர் கல்யாணச் சான்றிதழைக் காட்டினார். அதில் போட்டோ இல்லை. மாலதியைக் காட்டினார். அதுவும் போதவில்லை. இரண்டு படத்திலும் இருப்பது ஒருவரே என்று ஒரு சான்றிதழ் வேண்டும், இளைத்ததற்கான காரணத்தையும் ஒரு டாக்டர் எழுதித் தரவேண்டும் என்றார்கள். திருவண்ணாமலைக்குத் திரும்பி, ஜைனப் டாக்டரிடம் போய் நின்றேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தார்.

"காரணம்னு இன்னா எழுதறது? ஆரோக்கியம்னா?"

அப்படியே எழுதினார். குமாஸ்தா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நோயின் பெயர் வேண்டுமாம். மறுபடி திருவண்ணாமலை, மறுபடி வேலூர். கடைசியில் 'இரத்த அழுத்தம்' என்று எழுதி வாங்கிப் போனதும் முகம் மலர்ந்து முத்திரை குத்தினார்.

6

இதெல்லாம் பரவாயில்லை. இனி சொல்லப்போவதுதான் என்னை உலுக்கியது.

எனக்கு அந்தப் புதிய போட்டோ பிடித்திருந்தது. ஸ்டுடியோவில் எடுத்தது. நீலப் புடவை, நிமிர்ந்த முதுகு. அதிலொரு பிரதியைக் கிட்வேயில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். பெருமையாகத்தான் அனுப்பினேன்.

அங்கே இந்த இரண்டு மூன்று வருடமாக ஆளை உருக்கிக் கொல்கிற அந்தப் புதிய நோய் வந்திருப்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எய்ட்ஸ். எங்கள் ஊரில் முன்பெல்லாம் பயணம் போய்த் திரும்பியவளைப் பார்த்தால், "நல்லாச் சதை போட்டிருக்கிறாயே" என்பதுதான் வரவேற்பு. சதை போட்டால் வயிறு நிறைகிறது, வீட்டில் நிம்மதி இருக்கிறது என்று அர்த்தம். இப்போது ஒரு பெண் இளைத்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறதாம். என் தங்கை மேரி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் வார்டில் அப்படிப் போகிறவர்களைப் பார்க்கிறவள். அவள் கையில்தான் முதலில் என் படம் போயிருக்கிறது.

ஒரு தந்தி வந்தது. 'சண்டாவை உடனே வீட்டுக்கு அனுப்பவும். அம்மா சாப்பிடுவதில்லை.' நான் சாகக் கிடப்பதாக முடிவு கட்டி, சாவதற்கு ஊருக்கு அனுப்பச் சொல்லி என் கணவருக்கு எழுதியிருந்தார்கள்.

அம்மா சாப்பிடவில்லை என்றால் ப்ரெஷர் மாத்திரையும் விழுங்கமாட்டார். வராத நோய்க்கு நான் செத்து, அந்தத் துக்கத்தில் அம்மா நிஜமாகவே விழுந்துவிட்டால்? மேரியின் ஆஸ்பத்திரிக்குப் பதில் தந்தி கொடுத்து, அம்மாவை அங்கே போனுக்கு அழைத்துவரச் சொல்லி, ட்ரங்க் கால் பதிவு செய்தோம். தபால் ஆபீசுக்கு நான், இவர், மாலதி. "என்னத்தானே பேசறாங்க, நானும் வருவேன்" என்று அண்ணியும் கிளம்பிவிட்டார். தந்தியில் எழுதியிருந்தது பட்டினியைப் பற்றி அல்ல என்று இவர் எவ்வளவோ சொன்னார். அண்ணி காதில் வாங்கவில்லை.

காலையில் போய் உட்கார்ந்தோம். மதியம் மூன்று மணிக்குமேல் லைன் கிடைத்தது. கடலுக்கு அடியிலிருந்து வருவது மாதிரி ஒரு குரல். நான் கத்த ஆரம்பித்தேன். தபால் தலை வாங்க வந்தவர்கள், மணியார்டர் எழுத வந்தவர்கள் எல்லாரும் திரும்பி நின்று என் மொழியை வேடிக்கை பார்த்தார்கள்.

"அம்மா, எனக்கு ஒன்றும் இல்லை!"

"உன் கை எங்கே?" என்றார் அம்மா. "படத்தில் கையைக் காணோம். கழுத்தெலும்பு தெரிகிறது. நம் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் கழுத்தெலும்பு இருந்ததில்லை."

"எல்லாருக்கும் இருக்கிறது அம்மா! உள்ளே இருந்தது, இப்போது தெரிகிறது!"

"எங்களிடம் மறைக்கச் சொன்னார்களா?"

"இல்லை! எனக்கும் உன் மாதிரி இரத்த அழுத்தம். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் காலையில் ஓடுகிறேன்."

"யார் துரத்துகிறார்கள்?"

அண்ணி கத்திய அதே பேச்சு. இரண்டு கண்டத்திலும் ஒரு பெண் ஓடினால் பின்னால் யாராவது வரவேண்டும்! நான் இல்லை, இல்லை என்று கத்தினேன். அம்மா அழுதுகொண்டே இருந்தார். செத்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்களாம். மேரி தினமும் கேட்கிறாளாம். அதற்குமேல் நான் என்ன சொல்வது? நேரம் போய்க்கொண்டிருந்தது. 'இல்லை அம்மா' என்பதையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணி அதை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"யம்மா! நான் சரோஜா பேசறேன்! ஒம் பொண்ண நான் பட்டினி போடல, அத மொதல்ல தெரிஞ்சுக்க! தோச சுட்டா வேணாம்றா, நெய் ஊத்துனா வேணாம்றா! விடியறதுக்குள்ள எழுந்து மலைய சுத்தி ஓடுறா, வந்து பான மாதிரி ஒரு களி உருண்டைய முழுங்குறா! எம் பேச்சு எதையாவது கேக்குறாளா? திமிர் புடிச்சவ! கொழுப்பு எறங்கிப் போச்சுன்றாங்க, எங்க எறங்குச்சு? எல்லாம் வாய்ல இருக்குது! ஒரு நாளாவது ஒரு வாய் பாயசம் குடிச்சாளா கேளு!"

அம்மாவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அண்ணிக்கு அது பொருட்டே இல்லை. மூச்சு வாங்குவதற்காக அண்ணி நிறுத்தியபோது நான் ரிசீவரை வாங்கினேன். அந்தப் பக்கம் அழுகை நின்றிருந்தது.

"யார் அது?" என்றார் அம்மா.

"இவருடைய அக்கா."

"யாரைத் திட்டுகிறாள்?"

"என்னைத்தான். சொன்னபடி சாப்பிடுவதில்லை என்று."

ஒரே இரைச்சல். லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு அந்தக் கடலடிக் குரல் வந்தது.

"சாகப்போகிறவளை யாரும் இப்படித் திட்டமாட்டார்கள். அவளை இன்னும் கொஞ்சம் பேசச் சொல்."

நான் ரிசீவரை அண்ணியிடம் நீட்டினேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கேன்வாஸ் ஷூ, மாடியில் கயிறு தாண்டியது, பத்து வருடத்துக் கணக்கு எல்லாம் போனது. லைன் அறுந்த பிறகும் ஒரு நிமிடம் பேசினார்.

7

தபால் ஆபீஸ் படியில் இறங்கும்போது அண்ணி, "உங்கம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நின்றுவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒன்னத் திட்டறத நிறுத்தவே கூடாதுன்ற."

நிறுத்தவில்லை. அம்மா அன்றைக்கு ராத்திரியே சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டதாக மேரி தெரிவித்தாள். அவள் மட்டும் இன்னும் முழுதாக நம்பவில்லை. உங்கள் கிட்வே நம்பவே இல்லை என்பது போன மாதம் ஆறிப்போன இரண்டு காப்பியில் தெரிந்தது. எத்தனை பேரிடம்தான் ட்ரங்க் கால் போட்டுக் கத்துவது? அதனால்தான் இந்தக் கட்டுரை. உங்கள் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அகன்ற எலும்பை யாரும் சுருக்கவேண்டாம். நடந்தால் போதும், வேண்டிய அளவு சாப்பிட்டால் போதும், ப்ரெஷர் பார்த்துக்கொண்டால் போதும். இளைத்தவள் எல்லாம் நோயாளி இல்லை. நோயாளியே ஆனாலும் அவள் வீட்டுக் காப்பியைக் குடிக்கலாம். மேரியும் ஜைனப் டாக்டரும் அதைச் சத்தியம் செய்கிறார்கள்.

மாலதி இதைத் திருத்தும்போது ஓரிடத்தில் நிமிர்ந்து, "பாட்டிகிட்ட நான் ஏன்மா பேசல?" என்றாள். தபால் ஆபீசில் என் பக்கத்தில்தான் நின்றாள், யாரும் ரிசீவரை அவளிடம் நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் எந்த மொழியில் பேசியிருப்பாள்? 'நலமா?' என்பதை எங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள். குளித்தால் அழிந்துவிடும். பார்க்கலாம்.

இன்று காலை மலையிலிருந்து திரும்பியபோது நடுக்கதவில் அண்ணி நின்றிருந்தார். உங்கள் ஊர்த் தம்பதி விட்டுப்போன மாவில் களி கிண்டி வைத்திருந்தார். அதன்மேல், வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்ட நெய். ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அரை மணி நேரம் காது கிழிந்தது.

கிட்வேயின் பெரிய மார்க்கெட்டில் என் அம்மாவைப் பார்த்தால் பரிதாபமாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் போய், சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்: உங்கள் மகள் இன்றைக்கும் திட்டு வாங்கினாள் என்று.